பெரியப்பாவின் புத்தகத்தில் பூட்டு இல்லை

பெரியப்பா, அக்காவின் வாழ்க்கையைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டியது நீங்கள்தான். இன்றைக்கு அவளை ஒழுங்கில்லாதவள் என்று அட்டையில் அச்சடிப்பதும் நீங்கள்தான்.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள், பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளும் அவர் வீட்டில் லீவுக்கு வந்து கிடந்தவர்களும். பெரியப்பாவுக்குத் தொண்ணூறு வயது முடிகிறது, செங்கல்பட்டில் மண்டபம் பிடித்து விழா நடத்துகிறோம், விழா மலர் அச்சடிக்கிறோம் என்று அவருடைய மூத்த மகன், நம் பெரியண்ணன், குடும்பக் குழுவில் போட்டார். சிறு வயது நினைவுகளை ஒரு பக்கத்துக்கு மிகாமல் இனிமையாக எழுதித் தரச் சொன்னார். எனக்கு இனிமையும் வராது, ஒரு பக்கமும் போதாது. ஊரப்பாக்கத்தில் முப்பது வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். எழுத்தில் நெளிவு சுளிவு தெரியாது. பெரியண்ணன் இதை அச்சில் போட மாட்டார் என்று தெரியும். அதனால் குழுவிலும் போடுகிறேன்.

முதலில் எழுதுகிற எண்ணமே இல்லை. போன வாரம் மலரின் பின்னட்டையை எல்லோரும் பார்க்க அனுப்பினாரே, அதுதான் எழுத வைத்தது. 'இளம் குடும்பங்கள் கட்டாயம் வாங்க வேண்டிய வழிகாட்டி நூல்கள்' என்று பெரியப்பா கொடுத்த பட்டியல். பணத்தைக் கையாள்வதற்குச் சில, வீட்டை ஒழுங்காக வைப்பதற்குச் சில, பிழையில்லாமல் எழுதுவதற்குச் சில. பட்டியலுக்கு மேலே நாலு வரி முன்னுரை. "என் நெருங்கிய உறவில் ஒரு பெண். நன்றாகப் படித்தவள். பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கம் இல்லாததால் வாசல்வரை வந்த அரசுப் பயிற்சியை இழந்தாள். இந்த நூல்களில் ஒன்று அவள் கையில் இருந்திருந்தால்!"

அதற்குக் கீழே நீங்கள் வரிசையாகக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெண் யார் என்று தெரியும். தெரிந்தும் தட்டினீர்கள்.

அது நடந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கை. நைனா மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு ராத்திரியில் அம்மா கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுப்பார். அக்கா, அப்போது பள்ளியில் கடைசி வகுப்பான பதினோராவது முடித்துவிட்டு நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் நைனா கல்பாக்கத்தில் பெரியப்பாவின் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்டார்.

பெரியப்பாவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். நம் வகையறாவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். தாத்தாவெல்லாம் அடுத்தவன் நிலத்தில் நாற்றுப் பிடுங்கியவர்கள். பெரியப்பா அணுமின் நிலைய நகரியத்தில், உதிரிச் சாமான் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். அந்த வேலையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நாம் ஏழையாக இருப்பது நமக்கு ஒழுங்கு இல்லாததால்தான் என்று அவர் நம்பினார். நிலம் யாரிடம் இருந்தது, யார் கொடுக்க மறுத்தார்கள் என்பதெல்லாம் அவர் புத்தகத்தில் கிடையாது.

புத்தகங்கள் அப்போது மூன்றுதான். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரேடியோவுக்கு மேலே சுவரில் அடித்த பலகையில், காக்கி அட்டை போட்டு, இடையில் காய்ந்த வேப்பிலை வைத்து நிற்கும். ஒன்று வரவு செலவு. ஒன்று வீட்டு ஒழுங்கு. ஒன்று கடிதம், கட்டுரை எழுதும் முறை. நமக்குத் தொட அனுமதி இல்லை. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவர்தான் சொல்வார். சாப்பிட உட்காரும்போது சொல்வார். சோறு ஆறிப்போகும். கடல் காற்றுக்கு ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து, கையை வைத்தால் சிவப்பாக ஒட்டும். அந்தத் துருவைப் பார்த்துக்கொண்டே கேட்போம்.

மூன்று புத்தகத்தையும் சேர்த்து அவர் கண்டுபிடித்ததுதான் பெட்டி.

பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, அலமாரிக்கு மேலே. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டைச் சுற்றி வருவார். இடம் மாறிக் கிடக்கிற எதுவும் பெட்டிக்குள் போகும். சீப்பு, பென்சில், ஒற்றைச் செருப்பு, எதுவானாலும். பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பெட்டிக்குள் என்ன போனது என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. தொலைத்தவன்தான் தொலைத்ததை உணர வேண்டும். உணர்ந்தால், என்ன பொருள், ஏன் கவனம் தவறியது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே அபராதம், வாரக் காசில் பாதி. ஒழுங்கு, எழுத்து, சிக்கனம், மூன்றும் ஒரே அடியில். கேட்காத பொருளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து கழித்துவிடுவார். "தேடாத பொருள் தேவையில்லாத பொருள். புத்தகத்திலேயே இருக்கிறது" என்பார்.

சின்ன அண்ணன் பம்பரத்துக்காக எழுதியது ஞாபகம் இருக்கிறதா? "பம்பரம் என்னை ஏமாற்றி ஓடிவிட்டது" என்று எழுதினான். பம்பரத்தோடு முதுகில் நாலு அடியும் கிடைத்தது. நாம் எல்லோரும் சிரித்தோம். இப்போதும் விசேஷங்களில் அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

என்னுடையது ஒரு துண்டு. அம்மா தலை துவட்டுகிற பழைய துண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றைக்கு அவள் தோளில் இருந்து உருவி எடுத்துக்கொண்டு வந்தது. அதில் அம்மா வாசனை இருந்தது, தேங்காய் எண்ணெயும் அடுப்புப் புகையும் கலந்து. ராத்திரி முகத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன். ஒரு சனிக்கிழமை பாயில் மறந்துவிட்டேன். என் கவனக்குறைவு பற்றி ஒரு பக்கம் எழுதினேன். இரண்டு தடவை திருப்பித் தந்தார், மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார். துண்டு வந்தது. சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்து, நாலாக மடித்து வந்தது. அழுக்குப் பொருளை அழுக்காகத் திருப்பித் தரக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி. முகத்தில் போட்டுப் பார்த்தேன். சவுக்காரம் மட்டும்தான் மணத்தது.

பேச்சுக்கும் விதி இருந்தது. அந்த வீட்டில் 'இன்னா' கிடையாது, 'கீது' கிடையாது, 'வூடு' கிடையாது. சொன்னால் சரியான சொல்லைச் சிலேட்டில் எழுத வேண்டும். பெரியம்மாவுக்கு எழுத வராது. அதனால் பெரியப்பா இருக்கும்போது அவர் பேசவே மாட்டார். பெரியப்பா ஸ்டாஃப் பஸ் ஏறிப் போன பிறகுதான் பெரியம்மாவின் குரலே கேட்கும். "போய்ட்டாரா? அப்பாடா. வா, இன்னா துன்ற?" என்பார்.

அக்காவுக்கு வருவோம்.

விண்ணப்பத்தில் அவள் பெரியப்பா விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள். நம் காலனியில் வீட்டுக்கு நம்பர் கிடையாது. தபால்காரர் மொத்தக் கடிதத்தையும் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார், பாதி காணாமல் போகும். பெரியப்பா வீட்டில் கதவிலேயே நம்பர் இருந்தது. "நம்பர் போட்ட வூட்டுக்கு வந்தா தொலயாது" என்று நைனாதான் சொன்னார்.

நடுவில் ஒரு வாரம் அம்மாவுக்கு முடியாமல் போனது. கஞ்சி கொடுக்க, துணி மாற்ற, நைனா வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வாரம்தான் அக்காவுக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. பெரியம்மா வாங்கினார். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ரேடியோ மேல் வைத்தார். படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் பத்திரமான இடம், வீட்டுக்காரர் கண்ணில் படுகிற இடம்.

ரேடியோ மேல் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது விதி. சனிக்கிழமை வந்தது. கார்டு பெட்டிக்குள் போனது.

இது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. நான் வெளியே சவுக்குத் தோப்பில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து தினமும் தபால்காரர் சைக்கிளுக்காகக் காத்து நிற்பாள். அவர் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போவார். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கார்டைப் புருஷன் எடுத்தது அவருக்குத் தெரியும். அவர் அக்காவிடம் கொடுத்திருப்பார், அவள் வேறு ஏதோ ஒன்றுக்குக் காத்து நிற்கிறாள் என்று நினைத்தாரோ, பெட்டியைப் பற்றிப் பேசக் கூடாது என்று பயந்தாரோ. வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் அக்கா பெரியப்பாவிடமே கேட்டாள். எனக்கு ஏதாவது தபால் வந்ததா என்று. அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "எழுதிக் கொடு" என்றார்.

எழுதிக் கொடுத்தாள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தந்தார். தேதி இல்லை, விளி இல்லை, பத்துக்கு மூன்று. மறுபடி எழுதினாள். கையெழுத்தில் முன்னேற்றம், ஆனால் விஷயத்துக்கு வர நேரமாகிறது, பத்துக்கு ஆறு. மூன்றாவது தடவை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினாள். பெரியப்பாவின் உடல்நலம் விசாரித்து, வீட்டில் இடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, தன் பெயருக்கு அரசாங்கத் தபால் ஏதும் வந்திருப்பின் தெரிவிக்கும்படி பணிவுடன் வேண்டி. பத்துக்கு ஒன்பது. 'மிக நன்று' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

ஒன்பது மார்க் கொடுத்தார். பதில் கொடுக்கவில்லை. என் அக்காவுக்கு அது உறைக்கவில்லை. அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். "பெரியப்பா ஒம்போது போட்டாருடி, யாருக்கும் போட்டதில்ல" என்று என்னிடம் காட்டினாள். தபால் வந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த மூன்றாவது சீட்டு கொடுத்த அன்றைக்கு இன்டர்வியூவுக்கு இன்னும் நாள் இருந்தது.

ஆடி மாதம் பெட்டியைக் கழிக்கிற நாள். நம்மையெல்லாம் சுற்றி உட்கார வைத்து, ஸ்டோரில் சரக்கு எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைப்பார். நீங்கள் பலபேர் இருந்தீர்கள். பூட்டு துருவேறித் திறக்க மறுத்தது, அவர் எண்ணெய் விட்டார். பாச்சை உருண்டை வாசனை. ரிப்பன், உடைந்த வளையல், சட்டைப் பொத்தான், சோடாபுட்டிக் கோலி. அதற்குக் கீழே கார்டு. "இது யாருடையது?" என்றார். அக்கா எட்டிப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள். கையில் எடுத்துப் படித்தாள். அவள் அழவில்லை. தேதியைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள். இன்டர்வியூ முடிந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பெரியப்பா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பார்த்தீர்களா? ஒரு பொருள் இடம் மாறினால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்."

பாடம் நடத்தினார். அவளை நடுவில் நிற்க வைத்துக்கொண்டே நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை நைனா வந்தார். அக்கா கார்டை நீட்டினாள். அவருக்கும் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். நைனா அண்ணன் முன்னால் உட்காராத ஆள். நின்றுகொண்டே கேட்டார்.

"அண்ணாத்த, ஒரு கார்டு. கூப்ட்டு அது கைல குடுத்துட்டிருந்தா உனுக்கு இன்னா கொறஞ்சிருக்கும்?"

"அவள் தேடவில்லை."

"தேடாம? தெனிக்கும் ரோட்ல நின்னுகினு கீது பொண்ணு. நீ அதுக்கு மார்க்கு போட்டுகினு கீற."

அப்போதுதான் பெரியப்பாவின் புத்தகத் தமிழ் கழன்று விழுந்தது. "இப்போ இன்னாடா பண்ண சொல்ற என்ன? கைக்கு வந்தத எடுத்து போட்டேன். கண்ணாடி கூட போடல. கார்டா காயிதமா யாருக்குத் தெரியும்?"

நைனா உள்ளே போனார். எங்கள் துணியைப் பையில் திணித்தார். படி இறங்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "நம்பர் போட்ட வூடு" என்றார். பிறகு அந்த வீட்டுக்கு அவர் போனதே இல்லை.

அம்மா பிழைத்து வந்தாள், ஆனால் வேலைக்குப் போகிற உடம்பு இல்லை. அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடு என்று சொல்ல அக்காவுக்கு ஆள் இல்லை. இன்னொரு கையும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. மாமல்லபுரத்தில் கிளிஞ்சல் மாலை கட்டுகிற கடையில் சேர்த்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிற மாலை. கிளிஞ்சலில் ஓட்டை போடும்போது ஊசி விரலில் இறங்கும். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை. இன்றைக்கும் அவள் விரல் நுனியில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மிஷினில் கை வைத்தால் எடுக்காது.

போன வருஷம் கண் காட்டச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. போகிற வருகிற நர்ஸுகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ள ஷூவ இன்னும் எப்டி வெள்ளயாவே வெச்சிக்கினு கீதுங்க பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது ஒரு விஷயம். அந்தப் புத்தகங்களை நான் திட்டவில்லை. வரவு செலவுப் புத்தகம் நல்ல புத்தகம். மாவுக் கடை போட்ட புதிதில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் கிரைண்டர் வாங்கினேன், வட்டிக்காரனிடம் போகாமல் தப்பினேன். பட்டியலில் அதுவும் இருக்கிறது, வாங்குங்கள். பிறகு ஒரு நாள் அதே கடையில் வீட்டு ஒழுங்குப் புத்தகமும் கிடைத்தது. நின்ற இடத்திலேயே பெட்டியைப் பற்றிய பக்கத்தைத் தேடினேன்.

பெட்டி இல்லை. கூடை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு திறந்த கூடை வையுங்கள், இடம் மாறிய பொருளை அதில் போடுங்கள், படுக்கப் போகும் முன் அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும், மறந்துபோன குழந்தைக்கு ஞாபகப்படுத்துங்கள். இவ்வளவுதான். அபராதம் இல்லை, சீட்டு இல்லை, பூட்டு இல்லை. தேடாத பொருள் தேவையில்லாத பொருள் என்கிற வரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எங்கேயும் இல்லை. நாம் இத்தனை காலம் புத்தகத்தை வெறுத்தோம். பாவம், அது நல்லதைத்தான் சொல்லியிருந்தது. பூட்டு பெரியப்பாவின் சொந்தச் சரக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. இதை அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை.

பெரியம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது நான் பார்க்கப் போனேன். பெரியப்பா வெளியே யாருக்கோ சிக்கனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார். "அன்னிக்கு அவரு கண்ணாடி போட்டுகினு தாண்டி இருந்தாரு. நான் தான் தொடச்சு குடுத்தேன்."

அக்கா, இதை நீ இங்கேதான் முதலில் படிக்கிறாய். உன்னிடம் கேட்டுக்கொண்டு எழுதவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்பாய். "பெரியப்பா படிச்சிருக்க மாட்டாருடி, படிச்சிருந்தா குடுத்திருப்பாரு" என்று இத்தனை வருஷமாக நீ சொல்லிக்கொண்டு வருகிறாய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போய் வந்தாய். அதை விட்டுவைக்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். அட்டையில் உன்னைப் போட்ட பிறகு விட்டுவைக்க முடியாது.

பெரியப்பா, அது ஒட்டிய உறை இல்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கவில்லை என்று தப்பிக்க முடியாது. திறந்த கார்டு. அரசாங்க முத்திரை, அக்காவின் பெயர், தேதி, மூன்றும் ஒரே பக்கத்தில். எதைக் கையில் எடுத்தாலும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன் என்று பெருமை பேசுகிறவர் நீங்கள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் படிப்பீர்கள்.

விழா அன்றைக்கு உங்கள் கையில் மைக் கொடுப்பார்கள். குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது. அக்காவை நானே மாமல்லபுரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார வைப்பேன். புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவளைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். எழுதித் தர வேண்டாம், வாயால் சொல்லுங்கள், மண்டபம் முழுக்கக் கேட்கட்டும். பெட்டியில் போடுவதற்கு முன்னால் அந்தக் கார்டைப் படித்தீர்களா, இல்லையா?